நெஞ்சுவலிக்கு அமினோ அமில பவுடர் வாங்கலாமா? நைனாவுக்கு வாங்கிக் கொடுத்த அனுபவம்

தண்டையார்பேட்டையில் ஒரு மெடிக்கலில் இதயத்துக்கான அமினோ அமில பேக் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடை பெயரும் கம்பெனி பெயரும் போடவில்லை. இதே சரக்கு வேறு வேறு அட்டைப்பெட்டியில் பல கடைகளில் இருக்கிறது, ஒரு பெயரை நான் சொல்லி, நீங்கள் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதை வாங்கினால் இதை எழுதியதில் பிரயோஜனம் இல்லை. பின்பக்கம் திருப்பி எல்-ஆர்ஜினைன், எல்-கார்னிடைன், எல்-லைசின் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் நான் சொல்வது அதற்கும் பொருந்தும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படிக்க நேரமில்லாதவர்களுக்காக. வீட்டில் ஹார்ட் அட்டாக் வந்தவர் இருந்தால் இந்த ஆர்ஜினைன் பவுடரை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மற்ற இரண்டும் அவ்வளவு பயப்பட வேண்டியவை இல்லை, ஆனால் நெஞ்சுவலிக்குப் பணம் கொடுத்து வாங்கும் அளவுக்கு ஆதாரம் இல்லாதவை.

எங்கள் அப்பாவை வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஹார்பரில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், வயது 66. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் வியர்த்துக் கொட்டி, கேஸ்தான் என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை ஸ்டான்லிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அட்டாக் என்றார்கள், ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தார். போன வருஷக் கடைசியில் மறுபடி ஆரம்பித்தது. கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் நடைமேம்பாலம் ஏறினால் பாதியில் நெஞ்சைப் பிடிக்கும், நின்றால் இரண்டு மூன்று நிமிஷத்தில் போய்விடும். “மாருல கல்லு வச்ச மாதிரி கீதும்மா, நின்னா சரியாப்பூடுது” என்பார். ஏறும்போது வருவது, நின்றால் போவது, இதைத்தான் ஆஞ்சைனா என்கிறார்கள். ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும் இதயத்துக்கு வேலை கூடும்போது வேண்டிய ஆக்ஸிஜன் போய்ச் சேராது, அதுதான் அந்தக் கல்.

ஆஸ்பத்திரியில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இதை இங்கே எழுதக் காரணம் பிறகு வரும்.

காலையில் நைனாவுடன் நடக்கிற ஒருவர்தான் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னது. அவருடைய மச்சானுக்கு அடைப்பே கரைந்துவிட்டதாம். நானும் நம்பித்தான் போனேன், அதை மறைக்க விரும்பவில்லை. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன், அமினோ அமிலம் என்றால் புரதத்தின் சின்னச் சின்னத் துண்டு என்று தெரியும், கெமிக்கல் இல்லை, பருப்பிலும் மீனிலும் இருப்பதுதானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். மெடிக்கலில் இருந்த தம்பி, “அக்கா, இது மாசமா இருக்குறவங்களுக்கே டாக்டருங்க எழுதித் தர்ற பவுடர், ஒண்ணும் பண்ணாது” என்றார். அவர் சொன்னது உண்மையும்கூட. குழந்தை வளர்ச்சி குறைவாக இருக்கும் கர்ப்பிணிகளுக்கு ஆர்ஜினைன் சாஷே எழுதிக் கொடுப்பதை எங்கள் லேபுக்கு வருகிறவர்களிடமே பார்த்திருக்கிறேன். ஆனால் இருபத்தைந்து வயதுப் பெண்ணின் உடம்பும் அட்டாக் வந்த 66 வயது இதயமும் ஒன்றா என்று அந்தக் கவுண்டரில் நின்றபோது எனக்குத் தோன்றவில்லை.

பெட்டி 2,150 ரூபாய், ஒரு மாதத்துக்கு. 3 கிராம் ஆர்ஜினைன் சாஷே ஒரு நாளைக்கு மூன்று, கார்னிடைன் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, லைசினும் வைட்டமின் சியும் சேர்ந்த மாத்திரை இரண்டு. பேக்கிங் நன்றாக இருக்கிறது, சாஷே ஈரம் பிடிக்காமல் வருகிறது, எக்ஸ்பயரி தேதி தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள், அதில் குறை இல்லை. ருசி மோசம். எலுமிச்சை வாசனை போட்டிருந்தாலும் அடியில் ஒரு கசப்பும் மீன் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வாடையும் வரும், நைனா மோரில் கலந்து மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தார். முதல் வாரத்திலேயே வயிறு கலங்கியது, இரண்டு மூன்று முறை போனார். இது இவ்வளவு ஆர்ஜினைன் சாப்பிடுகிற பலருக்கும் வருவதுதான் என்று பிறகு தெரிந்தது.

பெட்டிக்குள் தமிழில் ஒரு நோட்டீஸ் இருக்கும். வழவழ காகிதம், இதயம் படம், ‘நோபல் பரிசு பெற்ற அறிவியல்’ என்று பெரிய எழுத்தில் இரண்டு இடத்தில். கீழே ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று ஒரு வரி. அந்த வரியை அவர்கள் விரும்பிப் போடவில்லை, உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 2016இல் கொண்டுவந்த விதிப்படி இந்த மாதிரி சப்ளிமென்ட் எல்லாவற்றிலும் அது இருந்தாக வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கவும் கூடாது. இதய நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷச் சட்டமே தடுக்கிறது. அந்தச் சின்ன வரியை நான் முதல் நாளே படித்திருந்தால் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பேன். அதைத் தமிழில், அந்த நோபல் பரிசு எழுத்தின் அளவுக்கே போட்டிருக்க வேண்டும். எங்கள் தெருவில் இந்தப் பெட்டியை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஆங்கிலம் படிக்கத் தெரியாத வயசானவர்கள்.

சரி, பலன் இருந்ததா? இரண்டாவது வாரம் நைனா “இப்ப பரவால்லம்மா, முன்ன மாதிரி புடிக்கல” என்றார். வீட்டில் அத்தனை பேருக்கும் சந்தோஷம். இரண்டாவது பெட்டியும் வாங்கினோம், என் தம்பி தன் ஜிம்மிலும் இதே ஆர்ஜினைன்தான் எல்லாரும் எடுக்கிறார்கள் என்று சொல்லி இன்னும் தைரியம் கொடுத்தான். மூன்றாவது பெட்டி வாங்கிய அன்று சாயங்காலம் அத்தை போன் செய்தார். அத்தை வீடு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். “உங்க நைனா இப்பல்லாம் ஆட்டோவுல வர்றாரே, கால் வலியா?” என்று கேட்டார்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. நைனா மேம்பாலம் ஏறுவதையே நிறுத்திவிட்டார். கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போய் வந்திருக்கிறார், மாடியில் துணி எடுக்கப் போவதில்லை, தண்ணீர் லாரி வந்தால் குடம் தூக்குவதில்லை. கல்லை வைக்கிற வேலை எதையும் செய்யாததால் கல் வரவில்லை. வேண்டுமென்று மறைத்தாரா என்றால் இல்லை, அவருக்கே தெரியாமல் உடம்பு வழி கண்டுபிடித்துக்கொண்டது, அந்த நிம்மதியைப் பவுடர் கணக்கில் எழுதிவிட்டோம். இதைவிட என்னை உலுக்கியது வேறு. சட்டைப் பையைப் பார்த்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இல்லை. “அதான் பவுடர் சாப்புடுறேனே” என்றார். ஒரு மாதத்துக்கு மேலாக அது இல்லாமலே வெளியே போய் வந்திருக்கிறார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. பப்மெட் என்ற அமெரிக்க மருத்துவ நூலகத்தின் தளத்தில் ஆய்வுச் சுருக்கங்கள் இலவசமாகக் கிடைக்கும், வேலை காரணமாக எனக்குப் பழக்கம் உண்டு. நான் டாக்டர் இல்லை, ஆனால் எத்தனை பேரை வைத்துப் பார்த்தார்கள், எவ்வளவு நாள் பார்த்தார்கள், வெறும் மாவு கொடுத்த இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டார்களா என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியும். வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

முதலில் ஆர்ஜினைன். இதற்குப் பின்னால் இருக்கும் யோசனை பொய் இல்லை. நம் ரத்தக்குழாயின் உள்சுவர் ஆர்ஜினைனை எடுத்து நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைத் தயாரிக்கிறது, அது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது, இதைக் கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று பேருக்கு 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நோட்டீஸில் இருக்கும் ஒரு நோபல் இது. சிறிய ஆய்வுகளில் நல்ல செய்தியும் வந்திருக்கிறது. 1997இல் வந்த ஒன்றில் ஆஞ்சைனா இருந்த 22 பேருக்கு ஒரு நாளைக்கு 6 கிராம் வீதம் மூன்று நாள் கொடுத்து டிரெட்மில்லில் ஏற்றினார்கள், முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓட முடிந்தது. 1998இல் 26 பேரை வைத்து ஆறு மாதம் நடந்த ஒன்றில் இதயக் குழாயின் ரத்த ஓட்டம் தேறியது, ஆனால் அவர்கள் பெரிய அடைப்பு இல்லாதவர்கள். 2000இல் 30 பேரை வைத்துப் பார்த்தார்கள், ஏற்கெனவே ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள், அதாவது நம் நைனா மாதிரி ஆட்கள், ஒரு நாளைக்கு 9 கிராம் கொடுத்தும் நைட்ரிக் ஆக்ஸைடு கூடவில்லை. ஆர்ஜினைன் கலந்து ஹார்ட்பார் என்று ஒரு தின்பண்டமே அமெரிக்காவில் விற்றிருக்கிறார்கள், நெஞ்சுவலிக்கு நல்லது என்று சொல்லித்தான். ஆதாரம் போதாமல் அப்படிச் சொல்லக் கூடாது என்று 2003இல் அங்கே உள்ள வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

கொடுத்தால் ஏன் கூடுவதில்லை என்பதை நைனாவுக்கு அவர் வேலை பார்த்த இடத்தை வைத்தே சொன்னேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஹார்பர் கேட்டுக்காக வரிசை கட்டி நிற்கும். கேட்டில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை லாரிதான் உள்ளே விட முடியும் என்றால், பின்னால் இன்னும் நூறு லாரி கொண்டுவந்து நிறுத்தினால் உள்ளே போகிற எண்ணிக்கை கூடுமா? நைட்ரிக் ஆக்ஸைடு தயாரிக்கும் நொதிக்கு வேண்டிய அளவுக்கு ஆர்ஜினைன் சாதாரணமாகவே ரத்தத்தில் இருக்கிறது, உடம்பே தயாரிக்கிறது, சாப்பாட்டிலும் வருகிறது, 100 கிராம் வேர்க்கடலையில் மட்டும் சுமார் 3 கிராம் இருக்கிறது. மேலே கொட்டுவதில் ஒரு பங்கைக் குடலும் கல்லீரலும் உடைத்து யூரியாவாக்கி வெளியே தள்ளிவிடுகின்றன. வியாதி இருக்கிற குழாயில் பழுது அந்த கேட்டில்தான், லாரி குறைச்சலில் இல்லை. நைனா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப கேட்ட ரிப்பேர் பண்றதுக்கு இன்னா இருக்கு?” என்று கேட்டார். சிகரெட்டை விடுவது, சர்க்கரையும் பிரஷரும் கொலஸ்ட்ராலும் கட்டுக்குள் இருப்பது, நடப்பது, டாக்டர் தந்த மாத்திரை, வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை என்றேன்.

இப்போது என் கை நடுங்கிய இடத்துக்கு வருகிறேன். வின்டேஜ் எம்.ஐ. என்ற ஆய்வு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் நடத்தியது, 2006 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. முதல் ஹார்ட் அட்டாக் வந்து சில நாள், அதிகம் போனால் மூன்று வாரம் ஆன 153 பேர். ஒரு பாதிக்கு ஆர்ஜினைன், மறு பாதிக்கு வெறும் மாவு, ஆறு மாதம். குழாயின் விறைப்பு குறையவில்லை, இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் கூடவில்லை. ஆர்ஜினைன் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்துபோனார்கள், மாவு சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. பாதுகாப்புக் குழு தலையிட்டு ஆய்வையே பாதியில் நிறுத்தியது. அவர்கள் கொடுத்த அளவு 3 கிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. எங்கள் பெட்டியின் பின்பக்கம் எழுதியிருக்கும் அதே அளவு.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். 153 பேர் என்பது சின்னக் கூட்டம், 6 சாவும் தற்செயலாக ஒரே பக்கம் விழுந்திருக்கக்கூடும் என்று வாதாட இடம் இருக்கிறது. நைனாவுக்கு அட்டாக் வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, அவர்களுக்கு அப்போதுதான் வந்தது. ஆனால் அந்த ஆய்வை நடத்தியவர்களே அட்டாக் வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். பலன் என்று ஒன்று நிரூபணமாகியிருந்தால் ஆபத்தோடு தராசில் வைத்துப் பார்க்கலாம், ஒரு தட்டு காலியாக இருக்கும்போது எதை வைத்துப் பார்ப்பது? அடுத்த வருஷமே, 2007இல், காலில் ரத்தக்குழாய் அடைப்பு இருந்த 133 பேருக்கு ஆறு மாதம் தினம் 3 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள், நடக்கிற தூரம் மாவு சாப்பிட்டவர்களுக்குக் கூடிய அளவுக்குக்கூட இவர்களுக்குக் கூடவில்லை.

இன்னொன்று, நைனாவுக்குப் படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றல் இருந்தது. வெயில் என்று நினைத்தோம். பிரஷர் பார்த்தால் மேலே நூறைத் தொடவில்லை. பிரஷர் மாத்திரை, நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மாத்திரை, அதோடு ஆர்ஜினைன், மூன்றும் குழாயைத் தளர்த்துகிற பக்கமே இழுக்கும். ஆண்மைக்கு என்று விற்கும் மாத்திரை, பவுடர்களிலும் ஆர்ஜினைன் சேர்ந்திருப்பது உண்டு, வயாகரா என்று பெயர் தெரிந்த சில்டெனாஃபில் மாத்திரையை நைட்ரேட் சாப்பிடுகிறவர் தொடவே கூடாது, பிரஷர் அபாயமாக இறங்கிவிடும். வீட்டில் பெரியவர்கள் கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருப்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

கார்னிடைன் கணக்கு வேறு. லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை வைத்து உடம்பு தயாரிக்கும் பொருள் இது, கொழுப்பை இதயத் தசையின் செல்லுக்குள் எரியும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. மூன்றில் கொஞ்சமாவது பேச இடம் இருப்பது இதற்குத்தான். 2013இல் மேயோ கிளினிக் இதழில் 13 ஆய்வுகளை, 3,629 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது, நெஞ்சுவலி 40 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. நோட்டீஸில் அந்த 40 சதவீதம் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. சொல்லாமல் விட்டது என்னவென்றால், அதில் சேர்த்த ஆய்வுகளில் பல சிறியவை, பழையவை, இன்றைக்கு எல்லாருக்கும் கொடுக்கிற சிகிச்சை வருவதற்கு முன்னால் நடந்தவை. 40 சதவீதம் என்பது நூறு பேரில் நாற்பது பேருக்குக் குணமானது என்ற அர்த்தமும் இல்லை, நூற்றில் பத்துப் பேருக்கு வலி வர இருந்தால் அது ஆறாகும் என்ற மாதிரிக் கணக்கு. பெரிய ஆய்வு என்று பார்த்தால் 2006இல் வந்த செடிம்-2, அட்டாக் வந்த 2,330 பேர், ஆறு மாதத்தில் சாவையும் இதயச் செயலிழப்பையும் சேர்த்துப் பார்த்ததில் தெளிவான வித்தியாசம் இல்லை. அதோடு 2013இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஹேஸன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, குடலில் இருக்கும் பாக்டீரியா கார்னிடைனைத் தின்று விடும் பொருளிலிருந்து டி.எம்.ஏ.ஓ. என்று ஒன்று உருவாவதையும், அது குழாயில் கொழுப்புப் படிவதோடு சம்பந்தப்பட்டிருப்பதையும் எழுதியது. ஒரு பக்கம் நல்லது என்கிறார்கள், இன்னொரு பக்கம் இப்படி. முடிவாகாத வழக்குக்கு மாசம் 2,150 கட்ட எங்களுக்கு வசதி இல்லை.

லைசின் கதைக்குப் பெரிய பெயர் ஒன்று துணைக்கு நிற்கிறது. லைனஸ் பாலிங், 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் வாங்கிய மனிதர், நோட்டீஸின் இரண்டாவது நோபல் இவர்தான். லைப்போ புரோட்டீன் ஏ என்ற கொழுப்பு, காயம்பட்ட குழாய்ச் சுவரில் இருக்கும் லைசினில் போய் ஒட்டிக்கொள்கிறது, நிறைய லைசின் சாப்பிட்டால் அது சுவரை விட்டு இதில் ஒட்டிக்கொண்டு போய்விடும் என்பது அவர் யோசனை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 1991இல் அவர் எழுதியது ஆஞ்சைனா இருந்த ஒரே ஒரு நோயாளியைப் பற்றி, லைசினும் வைட்டமின் சியும் சாப்பிட்டுத் தேறினார் என்று. ஒருவர் தேறினார் என்பதும் நைனாவின் நண்பருடைய மச்சான் தேறினார் என்பதும் ஆதாரத்தில் ஒரே எடைதான், சொன்னவர் இரண்டு நோபல் வாங்கியிருந்தாலும்.

ஒருவர் தேறியதை ஏன் நம்ப முடியாது என்பதற்கு நெஞ்சுவலியைப் போல வேறு நோய் கிடைக்காது. 1950களில் மார்புக்குள் ஓடும் ஒரு ரத்தக்குழாயைக் கட்டிவிட்டால் ஆஞ்சைனா போகும் என்று ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள், நிறையப் பேர் தேறினார்கள். 1959இல் 17 நோயாளிகளில் சிலருக்குக் குழாயைக் கட்டினார்கள், மற்றவர்களுக்கு மேல்தோலை மட்டும் வெட்டித் தைத்துவிட்டார்கள், யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத் தேறினார்கள். அந்த ஆபரேஷன் அதோடு போயிற்று. மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கை, வலிக்கிற வேலையைத் தவிர்ப்பது, நாளாக நாளாகத் தானே ஏறி இறங்கும் நோயின் குணம், இவ்வளவும் சேர்ந்து பவுடர் ஜெயித்த மாதிரி காட்டிவிடும். ஸ்டென்ட்டையே இப்படிச் சோதித்திருக்கிறார்கள். 2017இல் ஆர்பிட்டா என்ற ஆய்வில் 200 பேரில் பாதிப் பேருக்கு வைத்தது மாதிரி மட்டும் செய்தார்கள், ஏற்கெனவே நல்ல மாத்திரை கொடுத்திருந்ததால் ஓடும் நேரத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. 2023இல் மாத்திரையை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி செய்தபோது ஸ்டென்ட் வலியைக் குறைத்தது தெளிவாகத் தெரிந்தது. அட்டாக் வரும் நேரத்தில் வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுவது, அது வேறு விஷயம், யாரும் இதைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். ஸ்டென்ட்டுக்கே இந்தச் சோதனை வைக்கிறவர்கள் இருக்கும்போது, கவுண்டரில் விற்கும் பவுடரிடம் நாமும் அதைக் கேட்கலாம்.

மறுவாரம் ஓ.பி.க்குப் போனபோது பெட்டியையே கையில் எடுத்துக்கொண்டு போனேன். திட்டுவார் என்று நைனா பயந்தார். அந்த டாக்டர் திட்டவில்லை. பின்பக்கத்தைப் படித்துவிட்டு, உடனே நிறுத்துங்கள் என்றார், இசிஜி எடுத்தார், ஒரு மாத்திரையின் அளவைக் கூட்டினார். பிறகு நைனாவின் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, உங்கள் பவுடர் செய்வதாகச் சொல்லும் வேலையை அந்தச் சின்ன மாத்திரை ஒரு நிமிஷத்தில் செய்யும் என்றார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உடம்புக்குள் போய் அதே நைட்ரிக் ஆக்ஸைடைத்தான் தருகிறது, பழுதான கேட் பக்கமே போகாமல். நைட்ரோகிளிசரினை ஆஞ்சைனாவுக்குக் கொடுக்கலாம் என்று வில்லியம் மரெல் என்ற டாக்டர் லண்டனில் 1879இலேயே எழுதிவிட்டார், டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். நோட்டீஸ் பெரிய எழுத்தில் விற்ற நோபல் பரிசு, ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த மாத்திரைக்குள் இருந்தது. அதை மேஜை டிராயரில் போட்டுவிட்டு இதற்கு 6,450 ரூபாய் செலவழித்தோம்.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிக்காத மூன்றாவது பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனேன். சீல் அப்படியே இருந்தது, பில் இருந்தது, வாங்கி பத்து நாள்கூட ஆகவில்லை. எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள், வேறு சரக்காக மாற்றிக் கொடுக்கவும் மாட்டார்களாம். அதுகூடப் பரவாயில்லை. ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன், முதலாளி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, நான் நிற்கும்போதே ஒரு பெரியம்மாவுக்கு ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தார்கள். அந்த அம்மாவிடம், வீட்டில் யாருக்கும்மா என்று கேட்டேன், வீட்டுக்காரருக்கு என்றார். மாத்திரைச் சீட்டோடு இதையும் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிரிங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் காட்டினாரா என்பது இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஸ்டார் கொடுக்கச் சொன்னால் பேக்கிங்குக்காக ஒன்று கொடுப்பேன், நெஞ்சுவலிக்கு என்று பார்த்தால் ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பதற வேண்டாம், டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திவிடாதீர்கள், அடுத்த முறை போகும்போது பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அட்டாக் வந்தவராக இருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் ஆர்ஜினைனைப் பற்றி டாக்டரிடம் நாளைக்கே கேட்டுவிடுங்கள். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு மாத்திரையை நாக்குக்கு அடியில் வையுங்கள், நின்றுகொண்டு வைத்தால் மயக்கம் வந்து விழ வாய்ப்பு உண்டு. ஐந்து நிமிஷத்தில் வலி குறையவில்லை என்றாலோ, உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்தாலோ, கேஸ் என்று சோடா தேடாமல் 108க்குப் போன் செய்யுங்கள். நாங்கள் அந்த விடிகாலையில் சோடாவோடு இழந்தது முக்கால் மணி நேரம்.

நைனா இப்போது மேம்பாலம் ஏறும் முன் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி மாத்திரையை வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து ஏறுகிறார். நேற்று அத்தை வீட்டுக்கு நடந்தே போய் வந்தார், நடுவில் ஒரு தடவை நின்றாராம்.